சுகர் இல்லாதவர் கையில் சென்சார் எதற்கு?

2025 ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் தன் கனவைச் சொன்னார். இன்னும் 4 ஆண்டுகளில் ஒவ்வொரு அமெரிக்கரும் உடலைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை அணிந்திருக்க வேண்டுமாம். எடை குறைக்கும் ஊசிக்கு மாதம் 1,300 டாலர் ஆகிறது, அதே பலன் 80 டாலர் கருவியில் கிடைத்தால் மக்களுக்கு நல்லதுதானே என்பது அவர் போட்ட கணக்கு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், நாட்டின் தலைமை மருத்துவர் பதவிக்கு கேசி மீன்ஸ் என்பவரை அதிபர் டிரம்ப் முன்மொழிந்திருந்தார். ரத்தச் சர்க்கரை சென்சாரைச் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் கொண்டுசென்ற லெவல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கனவு கடல் தாண்டி வந்து வெகுநாளாகிறது. சென்னை, பெங்களூரு ஜிம்களில் எந்த ரிப்போர்ட்டிலும் குறை இல்லாத இளைஞர்கள் மேல்கையின் பின்புறம் வெள்ளை வில்லை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். மணிக்கட்டில் வாட்ச், விரலில் மோதிரம், கையில் சென்சார். இட்லி சாப்பிட்டுவிட்டு, போனில் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே ஆபீஸ் போகிறார்கள். அளந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் திருந்திவிடுவோம், திருந்தினால் நோய் வராது என்பதே இவர்கள் அத்தனை பேரையும் பிடித்திருக்கும் நம்பிக்கை. படித்தவர்கள் நம்புகிறார்கள், சில மருத்துவர்களும் வழிமொழிகிறார்கள். ஆனால் நோயில்லாதவர்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாமலே அது சந்தையாகிவிட்டது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குற்றம் கருவியுடையது அல்ல. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய அளவுதான் இருக்கும். அடியில் முடியைப் போல ஓர் இழை. அதைத் தோலுக்குள் சுமார் அரை சென்டிமீட்டர் இறக்கி, மேலே பசையால் ஒட்டிவிடுவார்கள். 14 நாள் அங்கேயே இருந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோஸ் அளவைப் போனுக்கு அனுப்பும். டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தையின் தாய்க்கு இது எப்பேர்ப்பட்ட வரம் என்பதை அந்தத் தாயிடம்தான் கேட்க வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து குழந்தை நினைவிழந்துவிடுமோ என்று விழித்திருந்து, 2 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை பிஞ்சு விரலில் ஊசி குத்திப் பார்த்தவள் அவள். இப்போது அளவு தாழ்ந்தால் சென்சாரே அலாரம் அடித்து எழுப்புகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், டைப் 1 உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இதைத் தர வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் மற்றவர்களுக்கும் இதனால் பெரும் பயன் உண்டு. எண் வந்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது: இன்சுலினைக் கூட்டுவது, குறைப்பது, உடனே எதையாவது சாப்பிடுவது.

நோயில்லாதவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே சந்தை விரிந்துவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் யாரும் வாங்கிக்கொள்ளும் முதல் சென்சாருக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் அனுமதி தந்தது. டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஸ்டெலோ அது. அதே ஆண்டு ஜூனில் அபாட் நிறுவனத்தின் லிங்கோவுக்கும் அனுமதி கிடைத்தது. விற்பனைக்கு ஒரு பயம் தேவைப்பட்டது. அதற்கு ‘ஸ்பைக்’ என்று பெயர் வைத்தார்கள். சாப்பிட்டதும் கோடு விறுவிறுவென்று ஏறினால் ஆபத்து, தட்டையாகக் கிடந்தால் ஆரோக்கியம் என்ற பாடம் ரீல்ஸிலும் யூடியூபிலும் இரவு பகலாக ஓடுகிறது.

சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கணையம் இன்சுலினைச் சுரந்து அதை இறக்கும். அதுதான் நல்ல உடம்பின் வேலை. சர்க்கரை நோய் இல்லாத 153 பேரின் கையில் சென்சார் பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் அமெரிக்காவில் வெளிவந்தது. குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை அதில் இருந்தார்கள். அவர்கள் சர்க்கரை 96 சதவீத நேரம் 70க்கும் 140க்கும் இடையில்தான் இருந்தது. நாளில் சுமார் அரைமணி நேரம் 140ஐத் தாண்டவும் செய்தது. நோயில்லாதவர்களின் உடம்பே தினமும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் எல்லை அது. அந்த அரைமணி நேரத்தைச் சிவப்பாக்கிக் காட்டி, “இந்த உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொன்னால், இயல்பாக நடக்கும் ஒன்றை நோயாக்கி விற்கிறார்கள் என்றுதான் பொருள்.

இதைவிடப் பெரிய கேடு, அந்தக் கோடு எதையெல்லாம் காட்டாது என்பதில் இருக்கிறது.

நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் கோடு ஏறும். அதே மாவைத் தோசையாக ஊற்றி நெய்யில் முறுக விட்டுச் சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாகிவிடலாம், உச்சமும் தாழ்ந்து தெரியலாம். கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால் வரும் வித்தியாசம் இது. கூடுதல் நெய் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை என்ன செய்கிறது என்பதற்கு அந்த ஆப்பில் கோடு கிடையாது. நாம் காபியில் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். சென்சாருக்கு அது கண்ணிலேயே படாது. அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பாகச் சேரும், அப்போதும் போன் எச்சரிக்காது. மது இன்னும் மோசம். கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதை ஆல்கஹால் தடுக்கும், ஆகவே குடித்த இரவில் கோடு தாழ்ந்து கிடக்கலாம். வேகமாக மாடிப்படி ஏறி இறங்கினாலோ, பளு தூக்கினாலோ நிலைமை நேர்மாறு. அட்ரினலின் சுரந்து, கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிட, கோடு ஏறும். கோட்டை மட்டும் நம்பி நடப்பவர் இட்லியையும் வாழைப்பழத்தையும் உடற்பயிற்சியையும் சந்தேகப்படுவார். வறுத்த கோழியையும் பிராந்தியையும் சந்தேகப்பட மாட்டார். மாரடைப்பு இளம் வயதிலேயே வரும் ஒரு நாட்டில் இப்படி ஒரு பாடத்தைப் பரப்புவது பொறுப்பற்ற செயல்.

சரி, கோடாவது துல்லியமானதா? சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலடித் திசுநீரில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். சென்சார் உள்ள பக்கமாகச் சாய்ந்து தூங்கினால் அழுத்தத்தால் அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தக் குறைகள் தெரியும், விரலில் குத்திச் சரிபார்த்துக்கொள்வார்கள். நோயில்லாதவருக்கோ விற்கப்படுவதே நுணுக்கம்தான்: இந்தப் பழம் உங்களுக்கு ஆகும், அந்தப் பழம் ஆகாது என்ற அளவுக்கு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயில்லாதவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் சென்சார்களைப் பொருத்தினார்கள். எந்த உணவு சர்க்கரையை அதிகம் ஏற்றியது என்று வரிசைப்படுத்தச் சொன்னால், ஒரே உடம்பில் இருந்த இரண்டு சென்சார்களும் வேறு வேறு வரிசையைத் தந்தன. அதே குழு 2025இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. ஒரே ஆளுக்கு ஒரே உணவைச் சுமார் ஒரு வார இடைவெளியில் மறுபடி கொடுத்தபோது வந்த ஏற்றங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. போன வாரம் ‘ஆகாது’ என்று வந்த உணவு இந்த வாரம் ‘ஆகும்’ என்று வரலாம். தூக்கம், முந்தின வேளைச் சாப்பாடு, மனக்கவலை என்று எத்தனையோ காரணங்கள் அந்தக் கோட்டில் கலந்திருக்கின்றன. இதை நம்பி ஒருவர் பப்பாளியை ஆயுசுக்கும் ஒதுக்கிவைக்கலாமா?

‘உங்கள் உடம்புக்கென்றே ஓர் உணவுமுறை’ என்ற கவர்ச்சிக்கு ஓர் உண்மையான ஆய்வுப் பின்னணி உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் சீகலும் எரன் எலினாவும் 800 பேரைக் கொண்டு, 46,898 வேளை உணவுகளுக்கான சர்க்கரை ஏற்றத்தை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று அது காட்டியது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் சர்க்கரை ஏற்றம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது ஒன்று. அதை அளந்து போட்ட உணவுத்திட்டம் மற்றதைவிட அதிக நன்மை தரும் என்பது வேறொன்று. இரண்டாவதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் இந்த அடிப்படையிலான உணவுத்திட்டத்தை 204 பேரிடம் 6 மாதம் சோதித்தார்கள். தங்களுக்கென்றே கணித்த உணவைச் சாப்பிட்டவர்கள் 3.3 சதவீத எடை குறைந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான, கொழுப்பு குறைந்த உணவைச் சாப்பிட்டவர்கள் 4.3 சதவீதம் குறைந்தார்கள். புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2022இல் வந்த முடிவு இது.

மரபணுவைப் பார்த்து உணவு சொல்கிறோம் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஓராண்டு கவனித்தார். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணு வகையும் சொல்லவில்லை, இன்சுலின் சுரக்கும் அளவும் சொல்லவில்லை.

பிரிட்டனின் ஸோயி நிறுவனத்தின் தனிநபர் உணவுத்திட்டத்தை 347 பேரிடம் 18 வாரம் சோதித்த ஆய்வு 2024இல் வந்தது. அதைத்தான் இந்தத் துறையினர் பெருமையாக எடுத்துக்காட்டுகிறார்கள். டிரைகிளிசரைடு கொஞ்சம் குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் எடையும் குறைந்தன, எல்டிஎல்லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால் யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம், ஒவ்வொரு உணவுக்கும் மதிப்பெண் போட்டு விடாமல் கூடவே வந்த ஆப். மறுபக்கம், பொதுவான ஆலோசனையும் துண்டறிக்கையும். பலன் தந்தது தனித்தனியாகக் கணித்த உணவா, விடாமல் கவனித்த கவனிப்பா என்பதை அந்த ஒப்பீட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

“அளக்கத் தொடங்கினால் ஆர்வம் வருமே” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. கையில் கட்டும் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு, அவற்றை அணிபவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள், சராசரியாக ஒரு கிலோ குறைகிறார்கள் என்று 2022இல் சொன்னது. நடப்பது நல்லதுதான். அடி எண்ணச் சாதாரண போனே போதும். ஆனால் அதற்கு மேலான வாக்குறுதிகளை நீண்டகால ஆய்வுகள் காப்பாற்றவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயது வரையுள்ள, எடை கூடிய 471 பேரை 2 ஆண்டு கவனித்தார்கள். உணவு, நடை, ஆலோசனை எல்லாருக்கும் ஒன்றுதான். பாதிப் பேருக்கு மட்டும் ஆறு மாதத்துக்குப் பிறகு உடலில் அணியும் கருவியைக் கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோதான் குறைந்தார்கள்! 2016இல் இது வெளிவந்தபோது கருவி நிறுவனங்களிடம் சரியான பதில் இல்லை. அதே ஆண்டு சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வின் முடிவும் வந்தது. ஃபிட்பிட் கொடுத்தார்கள், சிலருக்கு நடந்தால் பணமும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் இல்லை. பத்தில் ஒருவர்தான் கருவியை இன்னும் அணிந்திருந்தார்.

கருவி உடம்பைவிடப் பெரிய அதிகாரமாகிவிடுவதற்குத் தூக்கம் நல்ல உதாரணம். சிகாகோவில் கெல்லி பாரன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெண்ணை ஆய்வகத்தில் படுக்கவைத்து, தலையில் மின்முனைகள் பொருத்திப் பரிசோதித்தார்கள். ஆழ்ந்து தூங்கியிருக்கிறார் என்று வந்தது. அவரோ, அப்படியானால் என் ஃபிட்பிட் ஏன் தூக்கம் சரியில்லை என்கிறது என்று கேட்டார். மூளையின் மின்னலைகளை நேரடியாகப் பதிந்த பரிசோதனையைவிட மணிக்கட்டின் அசைவை வைத்து ஊகிக்கும் பட்டையை அவர் நம்பினார். எண்ணுக்குப் பயந்து தூக்கம் கெடுபவர்கள் இன்று நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும், சர்க்கரை நோயைத் தடுக்கும் வழி தெரியாமல் மனிதகுலம் தவிக்கவில்லை. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வு, வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் நோய் வருவதை 58 சதவீதம் குறைக்கின்றன என்று காட்டியது. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். முடிவு 2006இல் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குழுவில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடக்கவும் உணவை மாற்றவும் சொல்லி, மாதம் ஒருமுறை போனில் விசாரித்து, 6 மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்த குழுவில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. பிறகு அதே மருத்துவர், தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்து பார்த்தார். பாதிப் பேருடைய போனுக்கு வாரத்தில் சில எஸ்எம்எஸ், அவ்வளவுதான். 2 ஆண்டில் எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. பட்டன் போனுக்கே வந்துசேரும் எஸ்எம்எஸ் சாதித்த காரியம் இது. நோயில்லாதவர் சென்சார் அணிந்ததால் சர்க்கரை நோய் வராமல் போனது என்று காட்டும் நீண்டகால ஆய்வு இன்றுவரை ஒன்றும் இல்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் சொன்னது. நம் தட்டில் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வுக்குழு 2025இல் காட்டியது. அதைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பும் பயறும் கூட்டச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும் ஆலோசனை. ஆளுக்கு ஒரு சென்சார் கேட்காது. ஆனால் ரேஷனில் அரிசி கிடைக்கும் அளவுக்குப் பருப்பு கிடைப்பதில்லை. நடக்கச் சொல்கிறோம், நடைபாதையில் பைக் நிற்கிறது. இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூங்கும் நேரமே கிடையாது. இவற்றையெல்லாம் அரசும் நகராட்சியும் முதலாளியும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். உடம்பைக் காப்பது உன் போனில் இருக்கும் கோட்டைப் பொறுத்தது என்று தனிமனிதன் தலையில் கட்டிவிட்டால், அவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க அமைச்சரின் கனவில் எனக்குப் படும் பெரிய அநியாயம் இதுதான்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் குளுக்கோமீட்டரும் பிபி கருவியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், போன மாதம் கொடுத்ததைச் சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்கிறார்கள். அளவு அங்கே உதவுவதற்குக் காரணம், அளந்த கையே அடுத்த வேலையையும் செய்வதுதான். பெற்றோருக்குச் சுகர் இருந்து தனக்கு வந்துவிடுமோ என்று பயப்படும் முப்பது வயதுக்காரருக்கும் வழி எளிது: வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பார்த்துக்கொண்டு, இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு நடந்தால் போதும். தனியார் லேபிலேயே சில நூறு ரூபாய்தான் ஆகும். சென்சாருக்கோ 14 நாளைக்குச் சில ஆயிரம்.

1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், சில நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. லேகியம் விற்பவர்மீது பாயும் அந்தச் சட்டத்தின் பார்வை, ‘ஸ்பைக்கை அடக்கு, சுகரைத் தள்ளிவை’ என்று ஆப் விற்பவர் பக்கமும் திரும்ப வேண்டும். தங்கள் கருவியை அணிந்த நோயில்லாதவர்களில் எத்தனை பேருக்கு நோய் வராமல் போனது என்ற கணக்கை அவர்கள் காட்டட்டும். காட்டும் வரை, இதைப் பரிந்துரைக்கும் மருத்துவரும் உணவியல் நிபுணரும் அப்படி ஒரு கணக்கு இல்லை என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.